மாலையில் ஒரு முடி

என் தங்கச்சி கல்யாணத்தில் மாலையைத் தவிர எல்லாமே கையால் செய்தது என்று ஊருக்குச் சொன்னோம். அது பொய். மாலையும் கையால் கட்டியதுதான். சொல்லப்போனால் அந்த மண்டபத்தில் இருந்ததிலேயே முழுக்க முழுக்கக் கையால் ஆனது அது ஒன்றுதான்.

போன ஆவணியில், அழகர்கோவில் அடிவாரத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். நிச்சயம் முடிந்த அன்றே தங்கச்சி மூன்று நிபந்தனைகள் போட்டாள். ஃப்ளெக்ஸ் வைக்கக் கூடாது. தெர்மகோலும் பிளாஸ்டிக் பூவும் மண்டபத்துக்குள் வரக் கூடாது. அலங்காரம் பூராவும் கையால் செய்ததாக இருக்க வேண்டும், பார்த்தால் நம்ம வீட்டுக் கல்யாணம் என்று தெரிய வேண்டும். முதல் நிபந்தனையில் என் நண்பர்கள் முகம் வாடியது. இரண்டாவதைக் கேட்ட அலங்காரக்காரர் “அப்ப நான் எதுக்குங்க?” என்று போனை வைத்துவிட்டார். மூன்றாவதுக்கு அப்பா மட்டும் சந்தோஷப்பட்டார். “கையால செஞ்சா காசு மிச்சம்தான?”

மிச்சமாகவில்லை.

தங்கச்சியின் போனில் இருநூறு படங்கள் இருந்தன. எங்கோ வெளிநாட்டுத் தோட்டத்தில், மரத்தில் தொங்கும் கண்ணாடிக் குப்பிகளும் சணல் கயிறும் காகிதப் பூக்களுமாக நடந்த கல்யாணங்கள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அதை அப்படியே தூக்கி வைக்காமல் மதுரைக்கு மாற்றத்தான் பார்த்தாள். கண்ணாடிக் குப்பிக்குப் பதில் கொட்டாங்கச்சி விளக்கு. காகிதப் பூவுக்குப் பதில் குருத்தோலையில் கிளி, கிலுகிலுப்பை, தோரணம். மேடைக்குப் பின்னால் பெயர்ப் பலகை வேண்டாம், பாட்டியின் பழைய சுங்குடிச் சேலைகளைத் தைத்து ஒரு திரை. வாசலில் வாழைமரமும் தென்னம்பாளையும். தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு சின்னப் புத்தகம். சீர்த் தட்டுகளில் ஜிகினா கூடாது, நெல்லும் பயறும் வைத்துக் கோலம். எல்லாம் நல்ல யோசனைகள்தான். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மூச்சுவிடாமல் படம் எடுத்தார்கள்.

யார் செய்தது என்று கேட்டவர்களிடம் “நாங்கதான்” என்றோம். அந்த “நாங்க”வைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். தங்கச்சி வரைந்து கொடுத்தாள். நான் டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்தேன். சித்தி பிள்ளைகள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆளுக்கு நாலு கிளி பின்னி, அதை ரீல்ஸ் எடுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். மிச்சம் நாற்பது நாளும் செய்தது அத்தை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கச்சி. இருபத்திரண்டில் கல்யாணமாகி, இருபத்திநாலில் மாமா தவறிப்போய், ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் ஆரத்தித் தட்டு அவள் கைவேலைதான். ஆரத்தி எடுப்பது மட்டும் வேறு யாராவது.

*

கைவேலை என்ற சொல்லுக்கு இப்போது வந்திருக்கும் மவுசு நமக்கு மட்டுமானது அல்ல. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் இதைத் தொடங்கிவைத்தார். 1853இல் வெனிஸ் நகரத்துக் கட்டடக் கலையைப் பற்றி எழுதும்போது, கைவேலையில் தெரியும் பிசிறுகளும் கோணல்களும் குறை அல்ல, அங்கே ஒரு மனிதர் சுதந்திரமாக வேலை செய்தார் என்பதற்கான அடையாளம் என்று வாதிட்டார். அவரைப் படித்து வளர்ந்த வில்லியம் மோரிஸ் 1861இல் நண்பர்களோடு ஒரு நிறுவனம் தொடங்கி, சுவர்த்தாளும் திரைச்சீலையும் நாற்காலியும் கைவேலையாகச் செய்து விற்றார். சோஷலிஸ்டாக மாறிய அவரைக் கடைசிவரை உறுத்தியது ஒரு விஷயம்: அவ்வளவு உழைப்பு போன பொருளைப் பணக்காரர்களால்தான் வாங்க முடிந்தது. இயந்திரத்துக்கு எதிராகத் தொடங்கிய கைவேலை, வசதியின் அடையாளமாகப் போய்ச் சேர்ந்தது.

நம் பக்கத்து உதாரணம் இன்னும் நுட்பமானது. பத்தமடைப் பாய் கேள்விப்பட்டிருப்பீர்கள். தாமிரபரணிக் கரையின் கோரையைப் பட்டுப்போல மெலிதாகக் கிழித்து நெய்வது. கல்யாணத்துக்கென்று சொல்லி நெய்யும் பாயில் மணமகன், மணமகள் பெயரையும் தேதியையும் சேர்த்தே நெய்துவிடுவார்கள். “பெர்சனல் டச்” என்று இப்போது நாம் சொல்வது அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. பாயில் இருப்பது பயன்படுத்தப்போகும் இரண்டு பேரின் பெயர். உட்கார்ந்து நெய்தவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் இஸ்லாமியப் பெண்கள். அவர்கள் பெயர் பாயில் இருக்காது.

தங்கச்சி தடைசெய்த ஃப்ளெக்ஸை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. மதுரைக் கல்யாண ஃப்ளெக்ஸ் கண்ணுக்குக் கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் காசு போட்ட ஒவ்வொருவன் பெயரும் பட்டப்பெயரும் போட்டோவும் இருக்கும். கல்யாணத்துக்கு ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதவன் போனைக் காதில் வைத்தபடி அதில் நிற்பான். அதற்கு முந்தைய தலைமுறையின் வாழ்த்துமடலும் இப்படித்தான். உள்ளூர்த் தமிழய்யா எழுதிய விருத்தம், கண்ணாடிச் சட்டம், கீழே “இவண்” என்று பெயர் வரிசை. ரசனை என்று பார்த்தால் இவை எல்லாம் தோற்றுவிடும். ஆனால் கொடுத்தவர் கையெழுத்து போட அவற்றில் இடம் இருந்தது. நாங்கள் செய்த அழகான கல்யாணத்தில் அந்த இடம் இல்லை.

ஒரு பொருள் கையால் செய்யப்பட்டதா என்பது பாதிக் கேள்விதான். யார் கை என்று வெளியே சொல்ல முடியுமா என்பது மீதி.

*

மாலைக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியற்காலை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய் சம்பங்கியும் ரோஜாவும் மரிக்கொழுந்தும் வாங்கி வந்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல், மண்டபத்துக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில், அத்தை ஈர வாழைநாரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பூ எடுத்துக் கொடுத்தேன். பேச்சோடு பேச்சாக அவள் சொன்னாள்:

“இந்த மாலை கட்டுறப்பல்லாம் எனக்கு அந்தப் புள்ள நெனப்புதான் வரும்டா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வருதுல்ல, நம்ம அழகருக்கு.”

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு வருகிறார். வைகையில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி, தல்லாகுளம் பெருமாள் கோயிலில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்களைந்த மாலையை அவருக்குச் சாத்துகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் தங்கக் குதிரையில் ஆற்றுக்குப் போகிறார்.

அந்த மாலையின் கதையும் தெரிந்ததுதான். பெரியாழ்வார் பெருமாளுக்கென்று கட்டிவைக்கும் மாலையை, கோதை ரகசியமாகத் தான் போட்டு அழகு பார்த்துவிட்டுக் கூடையில் வைத்துவிடுகிறாள். கதையின் ஒரு வடிவத்தில் மாலையில் சிக்கியிருந்த ஒரு தலைமுடிதான் காட்டிக்கொடுக்கிறது. தீட்டாகிவிட்டது என்று அப்பா வேறு மாலை கட்டுகிறார். பெருமாள் கனவில் வந்து, அவள் போட்டுக் கொடுத்ததுதான் வேண்டும் என்கிறார். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் 16ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் எழுதிய பெருங்காவியத்துக்கு ‘ஆமுக்தமால்யதா’ என்று பெயர். சூடிய மாலையைக் கொடுத்தவள் என்று பொருள்.

பக்தியை ஒரு நிமிடம் தள்ளிவைத்தால், இது கைவேலையைப் பற்றிய கதை. ஒரு பொருளில் அதைத் தொட்ட உடம்பின் தடம் இருப்பது குறையா, மதிப்பா? அப்பா குறை என்கிறார், பெருமாள் மதிப்பு என்கிறார். ரஸ்கின் சொன்னதை ஒற்றைத் தலைமுடியில் சொல்லிவிட்ட கதை.

மறுநாள் காலை, மணமேடைக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் மாலையைத் தொட்டுப் பார்த்து “நெருக்கமா நல்லா கட்டிருக்கே, யார் கட்டுனது?” என்று கேட்டார். அம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “மாட்டுத்தாவணில சொல்லி வாங்குனது.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

*

கல்யாண அலைச்சல் அடங்கிய பிறகு நாச்சியார் திருமொழியை எடுத்தேன். 143 பாடல்கள். அதில் ஆறாவது திருமொழிதான் ‘வாரணமாயிரம்’. நம்மில் பலருக்கு 2008இல் வந்த படத்தின் பெயராகத்தான் முதலில் தெரியும். ஒரு பெண் தன் கல்யாணத்தைக் கனவு கண்டு தோழியிடம் சொல்கிறாள். பத்துப் பாட்டு கனவு, பதினோராவது முடிப்பு. வைணவக் கல்யாணங்களில் இன்றும் ஓதுகிறார்கள். பலமுறை கேட்டதுதான். இந்தத் தடவை ஓர் அலங்காரத் திட்டமாக வாசித்துப் பார்த்தேன், தங்கச்சியின் நோட்டுப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல.

வரிசை துல்லியமாக இருக்கிறது. முதல் பாட்டில் ஊர்: யானைகள் சூழ மாப்பிள்ளை நடந்து வருகிறான், வழியெல்லாம் பொற்குடமும் தோரணமும். அடுத்து பந்தல்: நாளைக்குக் கல்யாணம் என்று குறித்தாயிற்று, பாளையும் கமுகும் கட்டியாயிற்று. அடுத்து பெண் கேட்பதும் கூறைச் சேலையும். பிறகு புனித நீர், காப்புக் கட்டுதல். பிறகு விளக்கும் கலசமும் ஏந்திய பெண்கள் எதிர்கொண்டு அழைப்பது. அங்கே மாப்பிள்ளையை மதுரையின் மன்னன் என்கிறாள். அது வடக்கே உள்ள மதுரை என்று தெரிந்தும், நம் ஊர்க்காரனுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வரத்தான் செய்கிறது.

இதில் “பெர்சனல்” என்று என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. அந்தக் காலத்தில் வசதியான எந்தக் கல்யாணத்திலும் இருந்திருக்கக்கூடிய தோரணம், பந்தல், விளக்கு, மத்தளம், சங்கு. மாப்பிள்ளை பெருமாள், பெண் கேட்டு வருவது இந்திரன் என்பதைத் தவிர, சடங்கில் ஒரு சொட்டுப் புதுமை கிடையாது. கோதை நந்தவனத்தில் கிடைத்த பிள்ளை, பூக்களுக்கு நடுவே வளர்ந்தவள். தன் தோட்டத்துப் பூவைக்கூட அவள் அந்தப் பந்தலில் தனித்துக் காட்டவில்லை.

ஆனாலும் தமிழில் இதைவிட அந்தரங்கமான ஒரு கல்யாணப் பாட்டை எனக்குத் தெரியாது. ஏன் என்று யோசித்தபடி ஆறாவது பாட்டிலிருந்து திரும்ப வாசித்தேன். ஆறாவதில், முத்துச்சரம் தொங்கும் பந்தலின் கீழ் அவன் அவள் கையைப் பிடிக்கிறான். ஏழாவதில் கையைப் பிடித்தபடியே தீயை வலம்வருகிறான். எட்டாவதில் தன் கையால் அவள் பாதத்தைத் தூக்கி அம்மியின் மேல் வைக்கிறான். ஒன்பதாவதில் அவள் அண்ணன்மார் அவன் கைமேல் அவள் கையை வைத்து, பொரியை அள்ளித் தீயில் இடச் செய்கிறார்கள். வரிசையாக நான்கு பாட்டில் கை. அலங்காரம் பூராவும் முதல் ஐந்து பாட்டோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பது கைகளுக்கு நடுவில். இத்தனைக்கும் இந்தக் கல்யாணத்தில் தாலி கட்டும் காட்சியே இல்லை. யார் கை யார்மேல் பட்டது என்பதுதான் அங்கே கல்யாணம்.

இதை எழுத முடிந்தது யாரால் என்பதும் முக்கியம். தமிழின் பழைய கல்யாண வர்ணனைகளை எடுத்துப் பாருங்கள். அகநானூற்றின் 86ஆம் பாட்டு: வரிசையாகக் கால் நட்ட பெரிய பந்தல், பரப்பிய புதுமணல், விளக்கு, மாலை, உளுந்து சேர்த்த பொங்கல். 136ஆம் பாட்டும் ஒரு கல்யாணத்தைச் சொல்கிறது. இரண்டிலும் பேசுகிறவன் மாப்பிள்ளை, தன் கல்யாணத்தை நினைத்துப் பார்க்கிறான். சிலப்பதிகாரம் தொடங்குவதே கண்ணகியின் கல்யாணத்தில்தான். அங்கே பேசுகிறவர் கவிஞர், கண்ணகி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வாரணமாயிரத்தில் மணப்பெண் பேசுகிறாள். அதுவும் இன்னும் மணமாகாத மணப்பெண்.

86ஆம் பாட்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மணப்பெண்ணை நீராட்டும் நான்கு பெண்களை அது குறிப்பாக அடையாளம் சொல்கிறது: அவர்கள் நகை அணிந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள். அழகான பாட்டு, பலமுறை ரசித்திருக்கிறேன். அத்தையை வைத்து வாசித்தபோதுதான் அது ஒரு பட்டியல் என்று தெரிந்தது. யார் தொடலாம் என்று சொல்லும் பட்டியல் யார் தொடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறது. நம் கல்யாணங்களில் அலங்காரத்தைவிடப் பழையது இந்தப் பட்டியல்.

வாரணமாயிரத்தின் மூன்றாவது பாட்டில் அவளுக்குக் கூறை உடுத்தி மாலை சூட்டுகிறவள் அந்தரி. உரையாசிரியர்கள் அவளைத் துர்க்கை என்கிறார்கள், கண்ணனின் தங்கை. அதாவது நாத்தனார். எங்கள் பக்கத்தில் தாலியின் மூன்றாவது முடிச்சைப் போடுவதும் நாத்தனார்தான். முப்பது வருடம் முன்னால் எங்கள் அம்மா கழுத்தில் அந்த முடிச்சைப் போட்டது அத்தை. அப்போது அவளுக்குப் பதினேழு வயசு. கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது: குனிந்த தலையில் கனகாம்பரம், நாக்கைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடும் கவனம். மாலை கட்டும்போதும் அவள் அப்படித்தான் நாக்கைக் கடிப்பாள். அதே கைதான். இடையில் நடந்ததில் அந்தக் கை செய்த தப்பு ஒன்றும் இல்லை.

*

இந்த வாசிப்புக்கு எதிராகச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலாவது, ஆண்டாள் பக்திக் கவி. அவளுக்கு இது கல்யாணத் திட்டம் அல்ல, ஆன்மாவின் வேட்கை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வேட்கையைச் சொல்ல அவள் எடுத்துக்கொண்டது அம்மியும் பொரியும் பந்தலும். கருவியைப் பற்றிப் பேசுவது கருத்தை மறுப்பதாகாது. இரண்டாவது, பெயர் சொல்லி முடிப்பது ஆழ்வார் பாசுரங்களின் மரபு, அதைத் தனியாகக் கொண்டாட முடியாது. இதுவும் சரி. பதினோராவது பாட்டில் தன்னை வில்லிபுத்தூர்த் தலைவரின் கோதை என்றுதான் சொல்கிறாள். அப்பா பெயரோடு சேர்ந்த கையெழுத்து. இருந்தாலும் மரபு அவளுக்கு அந்த இடத்தைக் கொடுத்தது, அவள் அதில் தன் பெயரை எழுதினாள். கனவில் கண்ட கல்யாணம்தான், ஆனால் செய்தவள் பெயர் அதில் இருக்கிறது.

மூன்றாவது எதிர்ப்பு என்னுடையதே, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வாரணமாயிரம் ஓதும் அதே கல்யாணங்களில்தான் கைம்பெண்கள் பின்வரிசையில் உட்காருகிறார்கள். தலைமுடி சிக்கிய மாலையைப் பெருமாள் கேட்டு வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டே அத்தை கட்டிய மாலையைக் கடையில் வாங்கியதாகச் சொல்ல எங்களால் முடிந்தது. நல்ல கவிதை இருந்தால் வாழ்க்கை தானாகச் சரியாகிவிடும் என்று நம்புகிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

ஆனால் கவிதையில் பாக்கி இருப்பதை யாரோ ஒருவர் பிறகு செய்து முடிக்கலாம் என்ற நம்பிக்கை இந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கதை நடப்பதும் அழகர்கோவிலில்தான். நாச்சியார் திருமொழியின் ஒன்பதாவது பகுதி திருமாலிருஞ்சோலையைப் பற்றியது, அதாவது எங்கள் மலையைப் பற்றியது. அதில் அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். தடா என்றால் பெரிய பானை. அவளிடம் இருந்தது வாய்ச்சொல் மட்டும். சில நூற்றாண்டு கழித்து ராமானுஜர் இங்கே வந்து அந்த இருநூறு தடாவையும் நிஜமாகவே சமர்ப்பித்தாராம். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது ஆண்டாள் அவரை “அண்ணா” என்று அழைத்தாளாம். கூடப்பிறந்தவர் யாரும் இல்லாத கோதையின் கனவில் அண்ணன்மார் வந்து பொரியிட்டார்கள் அல்லவா? அந்தக் காலி இடத்துக்கு ஓர் அண்ணனைத் தேடிக் கொடுத்திருக்கிறது இந்தக் கதை. சொல்லியதைச் செய்து முடிப்பவன்தான் அண்ணன் என்கிறது.

எங்கள் கல்யாணத்தில் பொரி கொடுத்த அண்ணன் நான். தங்கச்சி கையில் பொரியைக் கொட்டும்போது மேடையிலிருந்து தேடினேன். அத்தை முன்வரிசையில் இல்லை.

*

இப்போது அந்த அட்டையைச் சொல்கிறேன். கல்யாணத்தன்று அதிகாலை தங்கச்சி ஒரு காரியம் செய்தாள். சீர்த் தட்டுகள் அடுக்கியிருந்த மேசையில், உள்ளங்கை அளவு அட்டையில், தன் கையால் எழுதி வைத்தாள்: ‘இந்தக் கல்யாணத்தின் அலங்காரம் எல்லாம் எங்கள் அத்தை செய்தது.’ கீழே அத்தையின் பெயர். ஆரத்தியையும் அத்தைதான் எடுக்க வேண்டும் என்று முந்தின நாளே அம்மாவிடம் சண்டை போட்டிருந்தாள். அம்மா அழுதாள், அப்பா எழுந்து வெளியே போனார். கடைசியில் சண்டையை முடித்துவைத்தது அத்தைதான். “ஏன்டி நல்ல நாள்ல மல்லுக்கட்டுற? நாளைக்கு உனக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட என்னையத்தான் சொல்வாய்ங்க. எனக்கு அது தேவையா?”

ஆறு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தபோது மேசையில் அட்டை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் யாராவது எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக் கோபப்பட்டேன். மத்தியானம் பந்தியில் இலை எண்ணிக்கொண்டிருந்த அத்தையிடம் கேட்டேன். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைத் தட்டிக்காட்டினாள். “நாந்தான் எடுத்தேன். நல்லா எழுதியிருக்கா கழுத. வச்சுக்கிறேன்.”

மதுரையின் பெரிய கல்யாணத்திலும் இப்படி ஓர் ஆள் உண்டு. மக்கள் சொல்லும் கதையில் அழகர் மீனாட்சிக்கு அண்ணன். தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர் கொண்டு வருகிறார், வந்துசேர்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிடுகிறது. கோபத்தில் ஊருக்குள் நுழையாமல் ஆற்றோடு வண்டியூருக்குப் போய்விடுகிறார். கோயில் புராணம் இதைச் சொல்வதில்லை. அதன் கணக்கில் அவர் வருவது ஒரு முனிவரின் சாபத்தைத் தீர்க்க. தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ ஆய்வு, 1989இல் நூலாக வந்தது, இந்த நாட்டார் கதைகளைப் புராணத்துக்குச் சமமாக உட்காரவைத்துப் பேசியது. கல்யாணத்தில் விடுபட்டுப்போன ஒரு சொந்தத்தை மையமாக வைத்து இந்த ஊர் வருடாவருடம் இத்தனை பெரிய திருவிழாவை நடத்துகிறது. மேடை ஏறாதவரைப் பார்க்கத்தான் லட்சக்கணக்கில் ஆற்றுக்குப் போகிறோம். சொந்த வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தால் மட்டும் பந்திக்கு அனுப்பிவிடுகிறோம்.

கையால் செய்த கல்யாணம் வேண்டும் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தோரணத்தை எந்த ஓலையில் பின்னுவது என்பதைக் கடைசியில் யோசிக்கலாம். பின்னப்போகும் கை எது, கல்யாணத்தன்று அந்தக் கை எங்கே இருக்கும் என்பதை முதலில் எழுதிவையுங்கள். அதற்கு வீட்டில் சண்டை வரும். அந்தச் சண்டையை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். நாங்கள் தள்ளிப்போட்டோம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த அன்றே அதைத் தொடங்கியிருந்தால், தலைவலிக்குப் பயந்து அட்டையை எடுக்க வேண்டிய நிலைமை அத்தைக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்தப் பெரியம்மா கேட்டபோது நானாவது வாயைத் திறந்திருக்கலாம்.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டாள், போடவில்லை. அகநானூறு, ரஸ்கின் பகுதிகளில் அவளுக்குக் கொட்டாவி வந்தது. பதினோராவது பாட்டைச் சொன்ன இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

“அந்தப் புள்ள தானாவா தன் பேரப் போட்டுக்கிருச்சு?”

“ஆமா.”

“யாரும் வையலையா?”

தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு இருபத்தோரு தட்டு கேட்டிருக்கிறார்கள், குருத்தோலைக்கு யாரிடம் சொல்வது என்று கேட்டாள். நான் போனை எடுத்தேன்.